வீட்டுக்காரர்

"இத நீங்களே கொல்லுங்க, ராய்ஸ்."

மிஸ்டரை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் வார்த்தை வெளியே வந்த வேகத்தில் அது எங்கோ உதிர்ந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் எழுபத்திரண்டு வயது மனிதரை, அதிலும் ராய்ஸ் டாக்கெட்டை, முன்னால் மிஸ்டர் போடாமல் கூப்பிடுவது அவர் வீட்டு வாசலில் காறித் துப்புவதற்குச் சமம். நான் துப்பியது அவருடைய புல்வெளியில், ஜூன் மாதச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கு முன்னால். மேற்கு கென்டக்கி மார்ட்டின் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். ராய்ஸ் அதன் தலைவர். அவர் கையில் ஒலிவாங்கி இருந்தது. நான் சொன்னதில் பாதியை அது வாங்கி எல்லோருக்கும் கொடுத்தது.

என் கையில் ஒரு செருப்புப் பெட்டி. மூடியில் பென்சிலால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு சிட்டுக்குருவி, ஆண், உயிரோடு.

ராய்ஸிடம் எதையும் கேட்காதே என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா போட்டது. கூரை ஒழுகினால் கேட்காதே, தார் வாங்கி நாமே பூசிக்கொள்வோம். பாதை சேறானால் கேட்காதே. காகிதம் மட்டும் கேட்கவே கேட்காதே. நாங்கள் இருக்கிற ட்ரெய்லர் வீடு எங்களுடையது, அதன் சக்கரங்கள்கூட இன்னும் அடியில் இருக்கின்றன. அது நிற்கிற மண் ராய்ஸுடையது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அப்பாவும் அவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் பத்திரம். "கேட்டா ஞாபகம் வரும்டி," என்பாள் அம்மா. "நாம இருக்கோங்கறதே அவருக்கு ஞாபகம் வரக் கூடாது."

மார்ட்டின் என்பது தகைவிலான் சாதியில் பெரியது. ஆண் பறவை வெயிலில் கருநீலமாக மினுங்கும். பிரேசிலிலிருந்து மார்ச் மாதம் வந்து, இந்தப் பக்கத்தில் மனிதன் கட்டித் தொங்கவிடும் வீட்டில் மட்டுமே குஞ்சு பொரிக்கும். மரப்பொந்தை எப்போதோ மறந்துவிட்டது. உயரமான கம்பம் நட்டு, அதில் வெள்ளைச் சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்தால் வரும். ஒருமுறை வந்துவிட்டால் அதே கம்பத்துக்குத்தான் ஆயுசுக்கும் வரும். இப்படிக் கம்பம் வைத்திருப்பவர்கள் தங்களை வளர்ப்பவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுக்காரர் என்பார்கள். "எத்தனை வருஷமா வீட்டுக்காரரா இருக்கீங்க?" "உங்ககிட்ட எத்தனை குடித்தனம்?" என்றுதான் சங்கத்தில் பேச்சே தொடங்கும். ராய்ஸுக்குத் தொண்ணூறு குடித்தனம், பறவைக் கணக்கில். மனிதக் கணக்கில் தானியக் கிடங்குக்குப் பின்னால் எங்களையும் சேர்த்துப் பதினொன்று. சங்கத்தில் வீட்டுக்காரராகவும் குடித்தனக்காரராகவும் இருக்கிற ஒரே ஆள் என் அப்பா வெண்டல் கிரைடர்தான். அதைச் சொல்லி வருடா வருடம் யாராவது ஒருவர் சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார்.

மார்ட்டினுக்கு எமன் சிட்டுக்குருவி. எங்கிருந்தோ கப்பலில் வந்திறங்கியது, வருடம் முழுக்க இங்கேயே கிடப்பது. குடுக்கைக்குள் புகுந்து முட்டையை உருட்டி வெளியே தள்ளும். குஞ்சு இருந்தால் தலையில் கொத்திக் கொன்று, அந்தப் பிணங்களின் மேலேயே வைக்கோல் பரப்பித் தன் கூட்டைக் கட்டும். அதற்காகக் குடுக்கையின் வாயில் ஒரு பொறி வைப்பார்கள். குருவி நுழைந்தால் தகடு விழும். பிடிப்பது சுலபம். பிடித்தபின் செய்ய வேண்டியதுதான் சுலபமில்லை.

ராய்ஸால் அது முடியாது. மான் சுடுவார், பன்றி அறுக்கும்போது பக்கத்தில் நின்று வேலை சொல்வார், ஆனால் உள்ளங்கை அளவுப் பறவை கைக்குள் துடிப்பதை அவரால் தாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். "வெண்டல், ஒண்ணு மாட்டிருக்கு." அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார். பதினான்கு வயதில் ஒருமுறை கூடப் போனேன். அப்பா குருவியைக் கைக்குள் வைத்து, கட்டைவிரலால் நெஞ்சில் ஓர் அழுத்து அழுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ராய்ஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களஞ்சியத்தைப் பார்த்து நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா?" என்று திரும்பாமலே கேட்டார். அவர் மனைவி மிஸ் ஜெனீவா ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா கையை நீட்டினார். அவள் குவளையை வராந்தாக் கம்பியின் மேல் வைத்துவிட்டு விரல்களை எடுத்துக்கொண்டாள். பவளச் சிவப்பு நகப்பாலிஷ் போட்ட விரல்கள். அந்த நிறத்தை நான் மறக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அப்பாவின் நுரையீரல் கைவிட்டது. இருபத்தாறு வருடத் தானியத் தூசி. இப்போது மூக்கில் குழாய், ஜன்னலோரம் நாற்காலி, மடியில் தொலைநோக்கி. வெளியே அவருடைய கம்பம், பன்னிரண்டு குடுக்கைகள். ஆறு வருடம் ஒரு பறவையும் எட்டிப்பார்க்காத கம்பம் அது. ஏழாவது வருடம் ஒரு ஜோடி. இந்த ஏப்ரலில் எட்டு. எட்டாவது ஜோடி இறங்கிய அன்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார், தன் கண் பொய் சொல்கிறதோ என்று.

அதே ஏப்ரலில் ராய்ஸ் எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் துணி போட்டு மூடிய கூண்டு. நான் பட்டம் வாங்கி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கிரைடர் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அம்மா சான்றிதழைக் குளிர்பெட்டி மேல் சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"ஷெல்பி, அம்மாடி, நீ பறவை படிச்சிருக்கியாமே?"

"உயிரியல்."

"அதான். உங்கப்பா கை உனக்கும் இருக்கும்ல?" என்று கூண்டை நீட்டினார்.

"நாலு வருஷம் நான் கண்ண கசக்கிப் படிச்சது உங்க குருவிய நசுக்கறதுக்கு இல்ல, மிஸ்டர் ராய்ஸ்."

கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ராய்ஸ் புன்னகை செய்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார், போனார். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னதைத் தோழிகளிடமெல்லாம் சொன்னேன். கொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தக் கூண்டில் இருப்பது எங்கே போகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. படித்தவள் யோசித்திருக்கலாம்.

மே மாதம் குருவிகள் வந்தன. எப்போதும் நாலைந்து திரியும், இது கூட்டம். காலையில் ஒன்றைத் துரத்தினால் மதியம் மூன்று. அப்பா ஜன்னலிலிருந்து கத்துவார், நான் கம்பத்தின் கைப்பிடியைச் சுற்றிக் குடுக்கைகளை இறக்குவேன். ஒரு குடுக்கையில் உடைந்த முட்டைகள். இன்னொன்றில் இறக்கை கிழிந்த தாய்ப்பறவை. எட்டு நாலாயிற்று. நான் பொறி வைத்தேன், அகப்பட்டவற்றை நான் பார்க்கும் முன்பே அம்மா குடுக்கையோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். எனக்குக் கை வரவில்லை. ராய்ஸிடம் நான் பேசிய வசனத்தின் விலையை அம்மா கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டாமல்.

இன்று காலை ஆறாம் எண் குடுக்கையை இறக்கினேன். ஒன்பது நாள் குஞ்சுகள், ஐந்து. நேற்று வாய் பிளந்து கத்தியவை. தலைகள் கொத்தப்பட்டு வரிசையாகக் கிடந்தன, மேலே புது வைக்கோல். நாலு மூன்றாயிற்று. பொறி வைத்து இருபது நிமிடத்தில் தகடு விழுந்தது. இந்தமுறை அம்மாவைக் கூப்பிடவில்லை. கைவிட்டு எடுத்தேன். கட்டைவிரலை அதன் நெஞ்சில் வைத்தேன். இதயம் என் விரலுக்குள்ளேயே அடிப்பது போல இருந்தது. அழுத்தப் போகும்போதுதான் காலைப் பார்த்தேன்.

பவளச் சிவப்பு. காலில் ஒரு வளையம், வாலில் ஒரு கோடு. சுத்தமாக, பொறுமையாகப் பூசியது.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். "ஜெனீவா," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "கேட்டுட்டு வா," என்றார்.

"வெண்டல்!" என்றாள் அம்மா.

"ஆகஸ்ட் வரைக்கும் போதும் லுவான்," என்றார் அப்பா. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. சாவியை எடுத்தாள். வழி நெடுக "கேக்காதடி, கேக்காதடி" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினாள், ஓர் இடத்திலும் வேகத்தைக் குறைக்காமல்.

புல்வெளியில் ராய்ஸ் ஒலிவாங்கியை அணைத்தார்.

"ஷெல்பி, இன்னிக்கு வெளியூர் ஆளுங்கள்லாம் வந்திருக்காங்க. உள்ள போயி எதாவது சாப்பிடு. முட்டை இருக்கு, கெளுத்தி வறுத்திருக்கு."

"இது எங்க கம்பத்துல, ஆறாம் நம்பர் குடுக்கையில மாட்டுச்சு. அஞ்சு குஞ்சயும் கொன்னுட்டு மேல உக்காந்திருந்துச்சு."

"வருத்தமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லு, வருத்தப்பட்டேன்னு."

"இது உங்க குருவி."

சங்கச் செயலாளர் ஹார்லன் ப்ரூட் நாற்காலியை விட்டு எழுந்தார். முப்பது வருடம் தபால் கொடுத்தவர், எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும். "குருவில உன்னுது என்னுதுன்னு எழுதியா ஒட்டிருக்கு?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூடியை லேசாக விலக்கிக் கைவிட்டு, குருவியைப் பிடித்து, காலை மட்டும் விரல்களுக்கு வெளியே இழுத்துக் காட்டினேன். ஹார்லன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் கண் தானாகவே மேசைப் பக்கம் போனது. அங்கே மிஸ் ஜெனீவா கண்ணாடிக் கூஜாவிலிருந்து எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். கூஜாவைச் சுற்றி அவளுடைய பத்து விரல்கள். ஒவ்வொரு தலையாக அந்தப் பக்கம் திரும்பியது.

அவளுக்கு வெட்கமே இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

"நான்தான் பூசினேன். ராய்ஸ் பிடிச்சுக்கிட்டார், நான் பூசினேன். திரும்ப இங்கயே வந்துச்சுன்னா தெரியணும்ல? அம்பத்தி மூணுல ஒண்ணுகூட திரும்பல." என்னைப் பார்த்து இன்னும் மென்மையாக, "அதுங்களும் உயிர்தானே கண்ணு. கொல்றதுக்கு ஆளும் இல்ல. கிடங்குப் பக்கம் கொண்டுபோயி விட்டோம். அங்க சோளம் சிந்திக் கெடக்கும், பட்டினி கெடக்காதுங்க. அங்கதான் யாரும் இல்லியே," என்றாள்.

அங்கே யாரும் இல்லை. பதினொரு ட்ரெய்லர். கொடியில் காயும் துணி. ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு என் அப்பா. வருடக்கணக்காக இவள் தண்ணீர் வைத்த கம்பியிலிருந்து குவளையை எடுத்துக் குடித்தவர்.

"அம்பத்தி மூணா!" என்றார் ஹார்லன்.

பின்வரிசையில் யாரோ, "ஜெனீவா, அடுத்த தடவை எனக்கும் ஒரு கோடு பூசிவிடுங்க, என் பொண்டாட்டி தேடறதுக்கு வசதியா இருக்கும்," என்றான். சிரிப்பு வந்தது, ஆனால் நீடிக்கவில்லை, பாதியில் விழுந்தது. ஏனென்றால் மேசையின் மேல், காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைத்து, சங்கத்தின் விதித்தாள்கள் அடுக்கியிருந்தன. முதல் விதி ராய்ஸே எழுதியது. வருடா வருடம் கூட்டத் தொடக்கத்தில் அவரே வாசித்தும் காட்டுவார். நான் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தேன்: "பிடித்த குருவியை விடாதீர்கள். நீங்கள் விடும் குருவி இன்னொரு வீட்டுக்காரரின் தலையில்தான் விடியும்."

ராய்ஸின் காதுமடல் சிவந்தது. என் முழங்கையைத் தொட்டு, "இப்படி வா," என்றார். தண்ணீர் மோட்டார் அறையின் நிழலுக்குக் கூட்டிப்போனார். தலைக்கு மேலே அவருடைய தொண்ணூறு ஜோடிகளும் களகளவென்று பேசிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவர் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் தாழ்த்தினார்.

"உங்கம்மா ரொம்ப நல்லவ. ஒருநாளும் வாயத் திறந்து எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

"தெரியும்."

"கேக்கலேன்னா அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்த இடத்த காகிதத்துல எழுதித் தர்றேன். பத்து வருஷத்துக்கு. திங்கக்கிழமை வக்கீல்கிட்ட போலாம். நீ இப்ப அங்க போயி, அந்தக் குருவிய முடிச்சுட்டு, சாயம் எங்கயோ பட்டிருக்கும், அவசரப்பட்டுட்டேன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. ஜெனீவாவுக்கு வயசாச்சு, எதையோ உளர்றாள்னு நான் சமாளிச்சுக்கறேன்."

அம்மாவின் காகிதம். பத்தொன்பது வருடம் புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் அவள் முதலில் எடுத்துவைக்கும் தகர டப்பாவில், என் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே, அதற்காக ஒரு காலி உறை இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அங்கேயே நிறுத்தியிருந்தால்.

"இல்லேன்னா, அந்த மண்ணு எனக்கு வேற வேலைக்குத் தேவைப்படும் அம்மாடி. முப்பது நாள் போதும். உங்கப்பா கம்பம் நிக்கறது என் மண்ணுல."

"கம்பத்துல மூணு கூடு இருக்கு. குஞ்சு பறக்கற வரைக்கும் கம்பத்த அசைச்சா மத்திய அரசு உள்ள தூக்கிப் போடும். வருஷா வருஷம் நீங்கதான மைக்ல சொல்றீங்க?"

அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பறவைக்குச் சட்டம் இருக்கு," என்றார் மெதுவாக. "உங்களுக்கு என்ன இருக்கு?"

"சக்கரம் இருக்கு."

சொன்ன பிறகுதான் அப்பா சொன்னது எனக்கு விளங்கியது. ஜூலைக் கடைசியில் குஞ்சுகள் பறக்கும். ஆகஸ்டில் மொத்தமும் தெற்கே போய்விடும். அதற்குப்பின் அந்தக் கம்பம் வெறும் கம்பம். எட்டு ஜோடி வரக் காத்திருந்த மனிதர், மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, காலை எட்டு மணிக்கே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து விட்டுக்கொடுத்துவிட்டார். நான்தான் அதை ராய்ஸிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திரும்ப மேசைக்கு வந்தேன். நாற்பது பேரும் வாயில் போட்ட முட்டையை மெல்லாமல் பார்த்தார்கள். செருப்புப் பெட்டியை ராய்ஸின் நாற்காலிக்கு நேராக, வெள்ளை விரிப்பின் மேல் வைத்தேன். குருவி உள்ளே தாவி மூடியில் முட்டியது. மிஸ் ஜெனீவாவின் கையிலிருந்த கூஜாவை வாங்கினேன். அவள் விரல்கள் என் விரலில் பட்டன, சட்டென்று இழுத்துக்கொண்டாள். கூஜாவை மூடியின் மேல் வைத்தேன்.

"ஓட்டை போட்டிருக்கேன், மூச்சு முட்டாது. அவசரமே இல்ல மிஸ்டர் ராய்ஸ்," என்றேன். இந்தமுறை மிஸ்டரை நன்றாகத் தெரிந்துதான் போட்டேன். "இங்கயே விடறதுன்னாலும் விடுங்க. தொண்ணூறு குடித்தனம் இருக்கு. இல்லேன்னா கட்டைவிரல நெஞ்சுல வெச்சு அழுத்தணும். ஒரு நிமிஷம் ஆகும். எங்கப்பாவுக்கு ஆனது அவ்வளவுதான்."

"ஷெல்பி, கொஞ்சம் இரும்மா, பேசி முடிச்சுக்கலாம்," என்றார் ஹார்லன்.

"பேசியாச்சு."

நடந்தேன். புல் அப்போதுதான் வெட்டியது, காலணியில் பச்சையாக ஒட்டியது. வரிசையாக நின்ற வண்டிகளின் கடைசியில் எங்கள் பழைய லாரி, அதனுள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அம்மா. அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை. என் வெறும் கைகளைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த மார்ச்சைத்தான் யோசித்தேன். மூத்த ஆண் பறவைகள் முதலில் வரும். கம்பம் பிடுங்கிய இடத்துக்கு மேலே, தரையிலிருந்து பதினாறடி உயரத்தில், குடுக்கை தொங்கிய அதே இடத்துக் காற்றில் சிறகடித்துக்கொண்டு நிற்கும். இறங்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் நிற்கும், நாள் கணக்கில் நிற்கும்.

எனக்குப் பின்னால் கண்ணாடியில் பனிக்கட்டி இடிக்கிற சத்தம் வந்தது. கூஜாவுக்குள்தான், விட்டுவிட்டு, யாரும் தொடாமலே.

"ராய்ஸ்," என்றது ஹார்லனின் குரல். "பொட்டி ஆடுது."

அம்மா வண்டியைக் கிளப்பினாள்.